கையேட்டின் கடைசிப் பக்கம்: கலைக்கு அரசாங்கம் ஏன் காசு கொடுக்கிறது?

சிங்கப்பூரில் உள்ளூர்த் தமிழ் நாடகம் பார்க்கப் போனால் வாசலில் கையேடு ஒன்று தருவார்கள். இயக்குநர் உரை, நடிகர்களின் படங்கள், நன்றிப் பட்டியல் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் குட்டிக் குட்டியாகச் சில சின்னங்கள் இருக்கும். கலைக்கு அரசாங்க மானியம் தரும் தேசிய கலைகள் மன்றம் அநேகமாக இருக்கும். ஏப்ரல் மாதமென்றால் வளர்தமிழ் இயக்கமும் அது நடத்தும் தமிழ்மொழி விழாவும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை, நண்பர் ஒருவரின் குழுவுக்கு வரவு செலவு எழுதிக்கொடுக்க உட்காரும்வரை.

அவருடைய கணக்கை வெளியே சொல்வது முறையல்ல. அதே மாதிரி ஒன்றை நாமே போட்டுப் பார்ப்போம். இருநூறு இருக்கை உள்ள அரங்கு, இரண்டு இரவு, டிக்கெட் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு நாற்காலிகூடக் காலியில்லை என்றே வைத்துக்கொள்வோம் (இந்த ஊரில் தமிழ் நாடகம் போட்டவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்). வரவு 12,000 வெள்ளி. இனிச் செலவு. இயக்குநரோடு சேர்த்து ஒன்பது பேர். வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம், பன்னிரண்டு வாரம் ஒத்திகை. ஆளுக்கு 108 மணி, மொத்தம் 972 மணி. மணிக்கு 12 வெள்ளி கொடுத்தாலே 11,664 வெள்ளி போய்விடும். மிச்சம் 336. அரங்க வாடகை, ஒலி, ஒளி, உடை, மேடைப்பொருள், சுவரொட்டி, ஒத்திகை முடிந்து எல்லாருக்கும் வாங்கும் பரோட்டா, இத்தனையும் அந்த 336 வெள்ளிக்குள் அடங்க வேண்டும்.

ஆக, அரங்கு நிறைந்தாலும் நட்டம்தான். நிர்வாகம் சரியில்லை என்பதால் வரும் நட்டமல்ல இது. அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி.

இதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் எழுதி வைத்தது. அவர்கள் மேற்கத்திய இசைக்குழுவை வைத்துச் சொன்னதை நாம் பரதநாட்டியத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி என்ற நம் ஊர் நடனப் பள்ளி 1952இல் தொடங்கியது. அன்று நாற்பது நிமிடம் ஆடிய வர்ணம் என்ற நடன உருப்படியை இன்று ஆடினாலும் அதே நாற்பது நிமிடம்தான். நட்டுவாங்கத்துக்கு ஒருவர், பாட ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், வயலினுக்கு ஒருவர். ஒரே ஆளை மிருதங்கமும் வயலினும் சேர்த்து வாசிக்கச் சொல்லி மிச்சம் பிடிக்க முடியாது. இந்தப் பக்கம் துறைமுகத்தைப் பாருங்கள். 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தது. அதற்கு முன்பு கூலியாட்கள் கூட்டமாக நின்று நாள் கணக்கில் மூட்டை சுமந்து இறக்கியதைப் பாரந்தூக்கிகள் சில மணி நேரத்தில் இறக்கின. ஓர் ஆள் செய்யும் வேலை பலமடங்கு ஆனது, சம்பளமும் ஏறியது. சம்பளம் ஏற ஏற வீட்டு வாடகையும் கடைச் சாப்பாடும் ஏறின. மிருதங்கக்காரரும் அதே ஊரில்தான் குடியிருக்கிறார், அதே காசுக்குத்தான் சாப்பிடுகிறார். அவருக்கும் கூலி ஏற வேண்டும். ஆனால் அவருடைய வர்ணம் நாற்பது நிமிடத்திலேயே நிற்கிறது. ஊர் எவ்வளவு வேகமாகப் பணக்கார ஊராகிறதோ, அவ்வளவு வேகமாக மேடைக்கலையின் விலை எகிறும். சிங்கப்பூர் அளவுக்கு வேகமாகப் பணக்கார ஊரான இடங்கள் உலகில் அதிகமில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். கலாசாரத் தொழில்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன என்று செய்தியில் சொல்கிறார்களே, பிறகு எங்கே நட்டம் என்று. இரண்டும் உண்மை. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

‘கலாசாரத் தொழில்’ என்ற சொல் முதலில் வசைச்சொல்லாகத்தான் பிறந்தது. 1940களில் அடோர்னோ, ஹோர்க்ஹைமர் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர்கள், தொழிற்சாலையில் சோப்பு செய்வதுபோல் கலையையும் அச்சில் வார்க்கிறார்கள் என்று ஏசுவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அரசாங்கங்கள் அதையே பெருமையாக எடுத்து வைத்துக்கொண்டன. 1998இல் பிரிட்டிஷ் அரசு விளம்பரம், கட்டடக்கலை, வடிவமைப்பு, திரைப்படம், மென்பொருள், இசை, மேடைக்கலை, பதிப்பு, தொலைக்காட்சி என்று பதின்மூன்று துறைகளை ஒரே கூடைக்குள் போட்டு, ‘படைப்புத் தொழில்கள்’ என்று பெயர் வைத்து எண்ணிக் காட்டியது. மென்பொருளையும் விளம்பரத்தையும் சேர்த்தால் தொகை பெரிதாகத்தானே வரும்? கலாசாரம் இத்தனை சம்பாதிக்கிறது என்று எங்கே படித்தாலும், கூடைக்குள் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

யுனெஸ்கோ 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகப் பொருளாதாரத்தில் கலாசாரத் துறையின் பங்கு 3.1 விழுக்காடு, வேலைகளில் அதன் பங்கு 6.2 விழுக்காடு என்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையில் பங்கு இருமடங்கு, வருமானத்தில் பாதி. கலையை நம்பிப் பிழைக்கிறவர்களின் சட்டைப்பை ஏன் மெலிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூடைக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று, நகலெடுக்கக் கூடியது: திரைப்படம், பாட்டு, கணினி விளையாட்டு, புத்தகம். முதல் பிரதிக்குத்தான் செலவு, அடுத்த லட்சம் பிரதிக்குச் செலவு சொற்பம். ஓடிவிட்டால் கொட்டும். தென்கொரிய அதிகாரிகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஜுராசிக் பார்க் படம் ஈட்டிய பணம் 15 லட்சம் ஹூண்டாய் கார்கள் விற்பதற்குச் சமம் என்று 1994இல் அதிபர் கிம் யங்-சாமுக்கு ஓர் அறிக்கை போனது, அதன்பிறகுதான் கொரியா திரைக்கும் இசைக்கும் பணம் இறைக்கத் தொடங்கியது என்று. ஆசியாவில் கலாசாரக் கொள்கை பேசுகிற எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும், நானும் சொல்லிவிட்டேன். கதையில் விடுபட்டது, ஓடாத படங்கள். எது ஓடும் என்று எடுக்கும்போது எவருக்கும் தெரியாது. பத்து எடுத்தால் ஒன்று ஓடி மற்ற ஒன்பதின் நட்டத்தையும் சேர்த்து அடைக்க வேண்டும். அதற்குப் பெரிய சந்தை வேண்டும், இல்லையென்றால் ஆழமான பை வேண்டும்.

மற்றது, நகலெடுக்க முடியாத மேடைக்கலை. அதன் கணக்கைத்தான் முதலிலேயே பார்த்துவிட்டோம்.

சிங்கப்பூரில் தமிழ்ப் படைப்புகளுக்கு இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒப்பந்தத்தில் வேலைபார்க்கும் ஊழியர்கள் இதற்கு வெளியே. அந்த ஒரு லட்சத்தில் குழந்தையும் உண்டு, பாட்டியும் உண்டு, சென்னைத் தொடர்களைத் தவிர வேறொன்றும் பார்க்காதவரும் உண்டு. நகலெடுத்து விற்கலாமென்றால் கோடம்பாக்கம் கடலளவு சரக்கோடு எதிரே நிற்கிறது. பல கோடிப் பேருக்காக எடுத்த படத்தோடு ஒரு லட்சம் பேருக்காக எடுக்கும் படம் எப்படிப் போட்டி போடும்? டிக்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது அரசாங்கம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். அதற்கு லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போக வேண்டும்.

சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு. லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா வணிகர் சங்கம் ஏற்பாடு செய்கிறது, சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் கைகொடுக்கிறது. அந்த விளக்குகளை அண்ணாந்து பார்ப்பதற்கு யாரிடமும் காசு வாங்க முடியாது. நான் பார்ப்பதால் உங்களுக்கு வெளிச்சம் குறைந்துவிடாது. காசு கொடுக்காதவரின் கண்ணைக் கட்டவும் முடியாது. பொருளியல் இதைப் பொதுப்பொருள் என்கிறது. ஒரு கடைக்காரர் தனியாகச் செலவு செய்து விளக்குப் போட்டால், வரும் கூட்டம் பக்கத்துக் கடையிலும் நுழையும். பக்கத்துக் கடைக்காரர், “நீ போடு தம்பி, நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். எல்லாரும் அப்படி நினைத்தால் தெரு இருட்டு. விளக்கால் எல்லாருக்கும் வருமானம், போட மட்டும் ஆளில்லை. அதனால்தான் சங்கம், அதனால்தான் பொதுப்பணம். பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, ரயில் என்று அந்த வெளிச்சத்தின் பயன் பிரிந்து போகிறது. விளக்குக் கட்டியவரின் கல்லாவில் மட்டும் ஒன்றும் விழாது.

கலைக்கு அரசாங்கம் காசு தருவதற்கான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். பயன் உண்டு, ஆனால் பயனை உண்டாக்கியவரின் கைக்கு அது வருவதில்லை.

இதற்கு நேரெதிரான ஒன்றை 2024 மார்ச்சில் பார்த்தோம். டெய்லர் சுவிஃப்ட் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவு பாடினார். தென்கிழக்காசியாவில் வேறெங்கும் பாடவில்லை. அதற்காக அரசாங்கம் ஊக்கத்தொகை தந்ததை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே ஒப்புக்கொண்டார், தொகையை மட்டும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து நாடுகள் முணுமுணுத்தன. கணக்குப்படி பார்த்தால் அது நல்ல பேரம்: வெளியூர்க்காரர்கள் விமானம் ஏறி வந்து, ஹோட்டலில் தங்கி, சாப்பிட்டு, கடைத்தெருவில் செலவழித்தார்கள். ஆனால் ஒரு வெள்ளி செலவானால் அதில் எவ்வளவு ஊருக்குள் சுற்றுகிறது, எவ்வளவு வெளியே ஒழுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி பாடகியோடு விமானம் ஏறிவிடும். நம் 12,000 வெள்ளி நாடகத்தில் தொகை எறும்புதான். ஆனால் நடிகர், தையற்காரர், ஒளியமைப்பாளர், அச்சகம், பரோட்டாக் கடை என்று கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே சுற்றும். சுவிஃப்டுக்குத் தந்தது சுற்றுலாக் கொள்கை. நாடகத்துக்குத் தருவது கலாசாரக் கொள்கை. இரண்டையும் ஒரே வாயால் ‘கலைக்கு ஆதரவு’ என்று சொல்லிவிடுவதால்தான் சிக்கல். எத்தனை சுற்றுப்பயணிகள் வந்தார்கள் என்று நாடகக்காரரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்.

சுற்றுலா விஷயத்தில் நாம் பழைய கை. 1970களின் இறுதியில் பிரியா, நினைத்தாலே இனிக்கும் ஆகிய தமிழ்ப் படங்கள் இங்கே எடுக்கப்பட்டன. ஒரு தலைமுறைத் தமிழ்நாட்டுக்காரர்களின் மனத்தில் சிங்கப்பூர் என்றால் அந்தக் காட்சிகள்தான். இலவச விளம்பரம்.

அரசாங்கத்தின் பார்வையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1960களின் இறுதியில் பல்கலைக்கழக மாணவர்களிடம் லீ குவான் இயூ கவிதையை நம்மால் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்றார். வேலையும் வீடும் இல்லாத காலம். இருபது ஆண்டு கழித்து, 1989இல், துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் தலைமையிலான குழு கலைக்கென்று அமைப்பும் கட்டடமும் வேண்டும் என்று அறிக்கை தந்தது. 1991இல் தேசிய கலைகள் மன்றம், 1993இல் தேசிய மரபுடைமைக் கழகம், 2002இல் ஏறக்குறைய 600 மில்லியன் வெள்ளி செலவில் எஸ்பிளனேட் கலையரங்கம். அதன் முள் கூரையைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டுரியான். அதே 2002இல் பொருளாதார மறுஆய்வுக் குழு, நாட்டின் பொருளாதாரத்தில் படைப்புத் துறைகளின் பங்கு 2000இல் 3 விழுக்காடாக இருந்ததை 2012க்குள் 6 ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கவிதை இப்போது ஆடம்பரமில்லை, முதலீடு! பத்தாண்டு கழித்து 2012இல் வந்த கலை, கலாசார உத்திமுறை மறுஆய்வு வேறு எண்ணைப் பேசியது: ஆண்டுக்கு ஒரு கலை நிகழ்ச்சிக்காவது போகிறவர்களை 40 விழுக்காட்டிலிருந்து 80 ஆக்குவது. வருமானத்தை எண்ணிய இடத்தில் ஆட்களை எண்ணத் தொடங்கினார்கள். எனக்கு இந்த இரண்டாவது எண் கொஞ்சம் நேர்மையானதாகப் படுகிறது.

காசு எந்த வழியாக வருகிறது என்பது முக்கியம், ஏனென்றால் வழிக்கு ஏற்ப வரவு வைக்கிற ஆளும் மாறுகிறார். நேரடி மானியம் எல்லாருக்கும் தெரிந்தது. கலாசார ஈடுதொகை நிதி அப்படியல்ல. 2013இல் 200 மில்லியன் வெள்ளியோடு தொடங்கினார்கள். ஒரு கலை அறநிறுவனத்துக்கு நீங்கள் ஒரு வெள்ளி நன்கொடை தந்தால் அரசாங்கமும் ஒரு வெள்ளி போடும். அதற்கு மேல், தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது 1,000 வெள்ளி கொடுத்தால் வரி போடும் வருமானத்தில் 2,500 குறையும். 10 விழுக்காட்டு வரி கட்டுகிறவருக்கு 250 வெள்ளி மிச்சம். அவர் கையிலிருந்து போனது 750, குழுவுக்குச் சேர்ந்தது 2,000. அருமையான ஏற்பாடு, ஒரே ஒரு நிபந்தனை: குழு அறநிறுவனமாகப் பதிந்திருக்க வேண்டும், பணக்கார நண்பர்களும் இருக்க வேண்டும். 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற பழைய அமைப்புகளுக்கு இது சரிவரும். மூன்று பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் நடத்தும் நாடகக் குழுவுக்கு எட்டாக்கனி. இருக்கிறவனுக்கே மேலும் சேரும் வழி என்ற குறை அதன்மீது உண்டு.

பேசப்படாத உதவி இடவாடகை. இந்த ஊரில் ஒத்திகைக்கு இடம் கிடைப்பதுதான் பாதிப் போராட்டம். 1985இலிருந்தே பழைய கடைவீடுகளையும் பள்ளிக் கட்டடங்களையும் குறைந்த வாடகைக்குக் கலைக்குழுக்களுக்கு விடும் திட்டம் இருக்கிறது. எருமைகள் பெயரைத் தாங்கிய கெர்பாவ் சாலையில், தேக்காவுக்கு நடுவிலேயே, அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. மானியம் ஒரு நாடகத்துக்கு. வாடகை பத்தாண்டு வாழ்க்கைக்கு.

பிறகு, அரசாங்கமே வாடிக்கையாளராக வருவது. பள்ளிகள் நடன ஆசிரியர்களை அமர்த்துகின்றன, நூலகம் புத்தகம் வாங்குகிறது, வசந்தம் ஒளிவழி நாடகத் தொடர்களை எடுக்கிறது. நமக்குத் தெரிந்த நாட்டியக் கலைஞர்களில் எத்தனை பேர் வாரநாள் பிற்பகலில் ஏதோ ஒரு பள்ளி மண்டபத்தில் தட்டுக்கழி தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் நாளிதழும் இதில் சேர்த்திதான். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்று இருக்கும் எஸ்பிஎச் மீடியாவுக்கு, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை தருவதாக 2022இல் அரசாங்கம் அறிவித்தது. தாய்மொழி இதழ்களைக் காப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாளிதழ் நடத்துவது எப்படி என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் நான் கேட்கத் தயார்.

கொடுக்கிற கைக்குப் பிடி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் சோனி லியூ என்ற ஓவியரின் சிங்கப்பூர் வரலாற்றுச் சித்திரக் கதைக்குத் தந்த 8,000 வெள்ளி மானியத்தைத் தேசிய கலைகள் மன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்ளடக்கம் ஒத்துவரவில்லை. புத்தகம் விறுவிறுவென்று விற்றுத் தீர்ந்தது, 2017இல் சித்திரக் கதைகளுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் விருது மூன்றை வாங்கியது. ஆங்கிலத்தில் எழுதியதால் அவருக்கு வெளியே சந்தை இருந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு மானியம் போனால் வேறு வாசலும் குறைவு. அதனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதே பேனா கொஞ்சம் அடக்கமாகிவிடும். யாரும் வெட்டச் சொல்லவே வேண்டியதில்லை.

கடைசியாக வந்த வழி, காசைக் கலைஞரிடம் கொடுக்காமல் பார்வையாளரிடம் கொடுப்பது. எஸ்ஜி கல்ச்சர் பாஸ். 2025இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் 100 வெள்ளி. உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளில் செலவழிக்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை செல்லும். எதை ஆதரிப்பது என்று அதிகாரி முடிவு செய்வதைவிட டிக்கெட் வாங்குகிறவர் முடிவு செய்யட்டும் என்பது இதன் தத்துவம். அழகான யோசனை. ஆனால் நூறு வெள்ளி கையில் இருக்கும்போது அத்தை எதைப் பார்ப்பார்? பெரிய விளம்பரத்தோடு வரும் ஆங்கில இசை நாடகத்தையா, பெயர் தெரியாத இளையர்கள் போடும் தமிழ் நாடகத்தையா? எங்கள் அத்தை இரண்டும் வேண்டாம் என்று இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு பயிலரங்குக்குப் போக முடியுமா என்று கேட்டார். போய்விட்டு வந்து, மிச்சப் பணத்துக்கு நாடகம் ஏதாவது இருந்தால் சொல் என்றார்.

நண்பருக்குத் தகவல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த நாடகத்தின் கணக்குத்தாளை நீட்டினார். டிக்கெட் வரவு என்று ஒரு வரி, அதற்குக் கீழே கல்ச்சர் பாஸ் வரவு என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார். ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள், இரண்டும் டிக்கெட்தானே என்றேன்.

“2029 சனவரியில இந்த வரி இருக்காது. அப்ப சொந்தக் காசுல யாரு வர்றாங்கன்னு தெரியணும்ல?”